துப்பாக்கி வகுப்பில் இல்லாத பாடம்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பயிற்சி வகுப்புகளில் குறி பார்ப்பதோடு இன்னொன்றும் சொல்லித்தருவார்கள்: போலீஸ் வண்டியை நிறுத்தினால் பதறாதீர்கள், துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர் அப்படித்தான் சொன்னார். உரிமம் வைத்திருந்தவர். சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட போலீஸ்காரரை 2017இல் ஜூரி விடுவித்தது.

'எங்களுக்கும் லைசென்ஸ் கொடு' என்று கேட்கும் தோழர்களின் கோபம் நமக்குப் புரியாததல்ல. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆவது விதி அதற்கு இடமும் தருகிறது. ஆனால் நம்மை வழியில் நிறுத்தும் போலீஸின் கண்ணுக்கு முதலில் உரிமம் தெரியுமா, சேரி தெரியுமா? அதே விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் மற்ற சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும் கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவும் சொல்கிறது. கலெக்டருக்கு மனு எழுதுவதென்றால் நாம் முதலில் அதைக் கேட்டு எழுதுவோம்.