1783-இல் கொச்சியில் மழை பெய்ததா?

2018 ஆகஸ்டு வெள்ளத்தைக் கேரளம் 1924 வெள்ளத்தோடு ஒப்பிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே மலையாளிகள் குறிப்பிடுவர். இரண்டுக்கும் இடைவெளி 94 ஆண்டுகள். ஆகவே 'நூற்றாண்டுக்கு ஒரு முறை' என்ற தொடர் எளிதாகப் பரவியது. இரண்டு புள்ளிகளைக் கொண்டு ஒரு நிகழ்வின் கால இடைவெளியை நிறுவ முடியாது. ஆயினும் அணையில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிறுத்தலாம், மட்டாஞ்சேரி போன்ற காயலோரத் தாழ்நிலத்தில் வீட்டின் தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற முடிவுகள் இத்தகைய கணக்கையே சார்ந்திருக்கின்றன. திருவனந்தபுரம் வானாய்வகம் தொடங்கியது 1830-களில். கருவி கொண்டு முறையாக அளந்த தொடர்ப் பதிவு அதற்கு முன் அரிது.

அதற்கு முந்தைய காலநிலையை எங்ஙனம் அறிவது என்று கேட்டால், வகுப்பறை தரும் வழக்கமான விடை துருவப் பனி. அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனிக்கட்டி உருளை எட்டு இலட்சம் ஆண்டு வரலாற்றைத் தந்தது. பனியின் நீரிலுள்ள கனமான ஆக்சிஜனின் விகிதம் அன்றைய வெப்பநிலையைக் காட்டுகிறது. உள்ளே சிக்கிய குமிழிகள் அன்றைய காற்றையே வைத்திருக்கின்றன. இதில் சுவடிப் பதிப்பாளர்க்குப் பழக்கமான ஒரு சிக்கலும் உண்டு. மேலே விழுந்த பனி இறுகி மூடும்வரை காற்று உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டிருப்பதால், ஒரே துண்டில் உள்ள காற்று பனியைவிட இளையது. பனிப்பொழிவு குறைந்த உள்நிலத்தில் அவ்வேறுபாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஏட்டின் வயது வேறு, பாடத்தின் வயது வேறு என்பதை ஒத்த நிலை இது.

ஆனால் இவ்விடை கொச்சிக்குப் பாதி விடைதான். குமிழியிலுள்ள கரியமில வாயு உலகம் முழுவதற்கும் பொது. ஆக்சிஜன் விகிதமோ முதன்மையாக அந்தப் பனி விழுந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசுவது. பெரியாற்றில் எந்த ஆண்டு வெள்ளம் வந்தது என்பதை அண்டார்க்டிகாவிடம் கேட்க இயலாது. கருத்தரங்குகளில் அந்த எட்டு இலட்சம் ஆண்டு வளைகோட்டைத் திரையிட்டுவிட்டு நேராகக் கேரளப் பருவமழைக்குத் தாவுவது, இடையிலுள்ள படிகளை எல்லாம் விழுங்கிவிடுகிறது.

பனி தரக்கூடியது வேறொன்று: துல்லியமான ஆண்டு. 1783 ஜூனில் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் குமுறியது. அதன் கந்தகப் படிவு கிரீன்லாந்துப் பனியில் தெளிவாக இருக்கிறது. அவ்வெடிப்பு ஆப்பிரிக்க, இந்தியக் கோடைப் பருவமழையை நலிவித்திருக்கும் என்று காலநிலை மாதிரிகள் கணிக்கின்றன. நைல் நதி அவ்வாண்டு குன்றியது. வட இந்தியாவில் அப்போது சாலீசாப் பஞ்சம் நிலவியது (விக்கிரம ஆண்டு 1840-இன் 'நாற்பது'தான் அப்பெயர்). பஞ்சத்துக்கு லாக்கி ஒன்றே காரணம் என்று கொள்வதற்கில்லை. கொச்சியில் இடவப்பாதி மழை அவ்வாண்டு தவறியதா?

இக்கேள்விக்கான பனிக்கட்டி எழும்பூரில் இருக்கிறது. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. (மட்டாஞ்சேரியின் 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர் என்பது தனிக்கதை.) அவர்கள் விட்டுச்சென்ற கொச்சி ஆவணங்கள் ஆங்கிலேயர் வழியாகச் சென்னை வந்து, இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மிளகும் கப்பலும் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டவை. அவற்றைக் கணக்கு வைத்தவர்கள் காற்றையும் மழையையும் முற்றிலும் தவிர்த்து எழுதியிருக்க முடியாது.

சொற்களை வைத்து வானிலையைக் கணிப்பது அறிவியலாகுமா என்ற ஐயம் எழலாம். ஐரோப்பாவில் அது நடந்தேறிவிட்டது. 1750 முதல் 1854 வரையிலான ஆங்கிலேய, டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல் நாட்குறிப்புகளைத் தொகுத்த கிளிவாக் திட்டம், முதலில் செய்ய வேண்டியிருந்த பணிகளுள் ஒன்று அகராதி தொகுப்பது. எந்தப் பாயை விரிக்க முடிந்தது என்பதைக் கொண்டு காற்றுக்குப் பெயரிட்ட டச்சு மாலுமியின் சொல்லைப் போஃபோர்ட் அளவுகோலின் எண்ணாக மாற்ற அந்த அகராதி தேவைப்பட்டது. ஆக்சிஜன் விகிதத்தை வெப்பநிலையாக மாற்றுவதும் இதே வகை வேலைதான். முன்னதற்கு நிறமாலைமானி வாங்க நிதி கேட்கிறோம். பின்னதை மொழியியல் துறைகள் தம் வேலையாகவே கருதுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

காகிதம் பக்கச்சார்புடையது, உண்மை. எழுத்தர் கெட்ட ஆண்டைப் பற்றி விரிவாக எழுதுவார். நல்ல ஆண்டில் மௌனமாயிருப்பார். சரிபார்க்க வேறு சான்று உண்டு: கேரளத் தேக்கு மரங்களின் ஆண்டு வளையங்களிலிருந்து 523 ஆண்டுத் தொடர் ஒன்றைப் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்டுள்ளனர். மீட்டமைத்த சொல்வடிவத்தின் முன் மொழியியலார் உடுக்குறி இடுவர். 1341 பெருவெள்ளம் முசிறியை மூடிக் கொச்சித் துறையைத் திறந்தது என்னும் புகழ்பெற்ற கூற்றின் முன் அக்குறியை இடுவோர் அரிது. 1783-ஐ அப்படி விட்டுவிடத் தேவையில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாத ஆவணங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒருவரும், அவர் அருகில் அமர்ந்து பருவமழையைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரும் தொடங்குவதற்குப் போதும்.