பெரகலைச் சந்தியைத் தாண்டாத உத்தரவாதம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஞாயிறு பத்திரிகைகளில் வாகன விளம்பரங்களும் திரும்பி வந்தன. எல்லா விளம்பரங்களிலும் ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது. மூன்றாண்டு உத்தரவாதம், ஐந்தாண்டு உத்தரவாதம், ஒரு இலட்சம் கிலோமீற்றர் உத்தரவாதம் என்று ஆளுக்கொரு கணக்கில் அதனை விற்கிறார்கள். கொழும்பில் வசிப்பவருக்கு அச்சொல்லில் ஓரளவு பொருள் இருக்கலாம். பதுளையில் வசிப்பவருக்கு அது எவ்வளவு பெறுமதியானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பதுளைக்கு அண்மையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். தேயிலையில் உழைத்து முன்னுக்கு வந்தவர். 2019இல், அதாவது இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர், ஐரோப்பியத் தயாரிப்பான சொகுசுக் கார் ஒன்றைக் கொழும்பிலுள்ள முகவரிடம் புத்தம் புதியதாக வாங்கினார். நிறுவனத்தின் பெயரை இங்கு நான் குறிப்பிடப் போவதில்லை. இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அவரே இன்றளவும் சொல்கிறார். குறை எல்லாம் உட்புற வேலைப்பாட்டில்தான். மூன்றாம் மாதத்தில், ஹாலி-எலவிலிருந்து பதுளைக்கு இறங்கும் வளைவுகளில் டேஷ்போர்டு முனகத் தொடங்கியது. அடுத்து, கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த தோல் ஓரங்களில் கிளம்பியது. வடகீழ்ப் பருவமழை பெய்தபோது கூரைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த துணி நனைந்து, காருக்குள் பூஞ்சண வாடை வீசியது.

கொழும்புக்கு ஓட்டிச் சென்றார். போக ஏறத்தாழ 230 கிலோமீற்றர், வர அதே அளவு. இரண்டு நாட்கள் காரை வைத்திருந்துவிட்டு, "பரிசோதித்தோம், குறை எதுவும் தென்படவில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கொழும்பின் வழவழப்பான தெருவில் டேஷ்போர்டு முனகாதுதான். இரண்டாவது முறை சென்றபோது, அச்சத்தம் "இந்த மாடலின் இயல்பு" என்று விளக்கம் கிடைத்தது. தோல் கிளம்பியது தேய்மானம் என்றும், கூரை நனைந்தது நீர் வழியும் குழாயில் இலையும் சருகும் அடைத்ததால் என்றும், ஆகவே அவை உத்தரவாதத்தில் அடங்கா என்றும் சொன்னார்கள். தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்று அவர் உண்மையைச் சொன்னதும், அதுவும் அவருக்கு எதிராகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

மூன்றாவது பயணத்துக்கு அவர் ஆயத்தமானபோது நாடு முடக்கப்பட்டது. 2020இலும் 2021இலும் மாகாண எல்லையைத் தாண்டவே தடைகள் இருந்தன. 2022இல் எரிபொருள் இல்லை. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையின்படி காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் கார், ஒரு வாரப் பங்கைக் கொண்டு கொழும்பை ஒருவழியாகக்கூட எட்டாது. உத்தரவாதக் கடிகாரமோ ஒரு நாளும் நிற்கவில்லை. மூன்றாண்டு முடிந்ததும், "காலம் கடந்துவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. வாங்கியவர் வரமுடியாத காலத்தையும் வாங்கியவரின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

காரின் உட்புறம் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. கைக்கு மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக டேஷ்போர்டின் மேல்தோலில் மென்மையூட்டும் எண்ணெய்ப் பொருட்களைக் கலக்கிறார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் வெப்பம் 70 பாகை செல்சியஸை எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறும். மேல்தோல் முதலில் பிசுபிசுக்கும், பின்னர் வெடிக்கும். கூரைத் துணிக்குப் பின்னாலுள்ள நுரைப்பஞ்சு ஈரக்காற்றில் சிதைந்து மாவாகும், துணி தொங்கும். கடல் மட்டத்து வெக்கையிலிருந்து 1,400 மீற்றர் உயரத்து அப்புத்தளைப் பனிமூட்டத்துக்கு ஒரே நாளில் ஏறி இறங்கும் காருக்குள், வெவ்வேறு வேகத்தில் விரிந்து சுருங்கும் பிளாஸ்டிக்கும் உலோகமும் தோலும் ஒன்றோடொன்று உராய்வது வியப்பன்று. இது உரிமையாளரின் குற்றமன்று. எந்தக் காலநிலையில் ஓடப்போகிறது என்பதை அறிந்தே விற்கப்பட்ட பொருள் அது.

உலகப் புகழ்பெற்ற தயாரிப்புகளும் இதற்கு விலக்கல்ல. 2000களில் வெளிவந்த லெக்சஸ், டொயோட்டா கார்கள் சிலவற்றின் டேஷ்போர்டுகள் அமெரிக்காவின் புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில் உருகிப் பளபளத்தன. அப்பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்தது. முறைப்பாடுகள் குவிந்தன, வழக்குகள் எழுந்தன. ஈற்றில், 2010களின் நடுப்பகுதியில், வழமையான உத்தரவாதக் காலம் கடந்துவிட்ட கார்களுக்கும் டேஷ்போர்டை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. புளோரிடாவில் பல்லாயிரம் பேர் ஒரே குறையைச் சொன்னார்கள். ஊவாவில் அதே வகைக் காரை வைத்திருப்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். ஒற்றைக் குரல் கொழும்புக்குக் கேட்பதில்லை.

இந்தியாவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நிறுவனமொன்று தனது பணிப்பாளரின் பாவனைக்கு வாங்கிய மெர்சிடிஸ் காரின் உட்புறத்தில், நடுத்தளத்து மேடு தாங்கமுடியாத அளவுக்குச் சூடேறியது. பலமுறை பழுதுபார்த்தும் தீரவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் வாங்கியவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தயாரிப்பு நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், காரை வாங்கியவரே வைத்துக்கொள்ள, 36 இலட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தது. இத்தீர்ப்பில் இரண்டு பாடங்கள் உள்ளன. உட்புறக் குறையும் குறையே என்பது ஒன்று. வழக்கறிஞர் படை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கே ஆணையத்தின் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் பிடித்தன என்பது மற்றொன்று.

இவ்விடத்தில் சில வாசகர்கள் சினம் கொள்ளக்கூடும். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதவேண்டிய பேனா, சொகுசுக் காரின் கூரை ஒழுகுவதற்காக அழுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் படைத்தவர் தமது காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வார். அவருக்காக எவரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பணமும் ஆங்கிலமும் கொழும்பில் தெரிந்த மனிதர்களும் உள்ள ஒருவருக்கே இதுதான் கதியென்றால், பசறையிலோ லுணுகலையிலோ லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்த தோட்டத்து இளைஞனின் கதி என்ன?

தோட்டத்து வேலையை விட்டு வெளியேறிய இளைஞர்கள் பலருக்கு அந்த மூன்று சக்கரங்களே வாழ்வாதாரம். முச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பதுளையிலும் பண்டாரவளையிலும் சேவை நிலையங்கள் இருக்கின்றன என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அங்கும் சொல்லப்படுவது அதே வாசகம்தான்: பாதை சரியில்லை, பாரம் அதிகம், வெளியே பழுதுபார்த்திருக்கிறீர்கள், தலைமை அலுவலகம் ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் வரும்வரை வண்டி நிற்கும். வண்டி நின்றால் உழைப்பு நிற்கும். லீசிங் தவணை நிற்காது. மூன்று தவணை தவறினால் வண்டியைத் தேடி வருபவர்களுக்கு உத்தரவாத அட்டையைக் காட்டிப் பயனில்லை. சொகுசுக் காருக்கும் ஓட்டோவுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம். இரண்டுக்கும் சட்டம் ஒன்றே. அந்தச் சட்டம் பலவீனமாக இருந்தால் முதலில் அடிபடுபவன் ஓட்டோக்காரன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இலிருந்து இருக்கிறது. விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்கவேண்டும் என்ற கோட்பாடு அதில் உண்டு. ஆனால் அதனைக் கொண்டு நீதி பெற வழக்காட வேண்டும். சாதாரண மனிதருக்காக வந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். அது விசாரித்து இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பணிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. வியாபாரி தருவது மூன்றாண்டு உத்தரவாதம். அதனை மீறினால் முறையிடச் சட்டம் தருவது மூன்று மாதம். நான்காம் மாதத்தில் கிளம்பும் கதவுத் தோலுக்கும், ஏழாம் மாதத்தில் நிற்கும் ஓட்டோவுக்கும் அச்சட்டத்தில் இடம் எங்கே?

பிற நாடுகள் இதனை எப்போதோ கடந்துவிட்டன. பழுதான புதிய காரை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் எலுமிச்சை என்று பரிகசிப்பார்கள். அமெரிக்காவில் கனெடிகட் மாநிலம் 1982இலேயே எலுமிச்சைச் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரில் அத்தகைய சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. பொருளை ஒப்படைத்த ஆறு மாதங்களுக்குள் தென்படும் குறை, பொதுவாக, ஒப்படைக்கும்போதே இருந்த குறை என்று அங்கு கொள்ளப்படும். அவ்வாறில்லை என்று நிறுவ வேண்டியது விற்றவரின் பொறுப்பு. பாவித்த கார்களுக்கும் அது பொருந்தும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. நீலகிரியில் ஓட்டோ வாங்கியவர் உதகமண்டலத்திலேயே முறையிடலாம்.

முகவர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களை விற்கும் மாகாணத்தில், கோடிக்கணக்கில் முதலிட்டுப் பட்டறை அமைக்க எவராலும் முடியாது. அப்படி அமைக்கும்படி யாரும் கேட்கவில்லை. துரைமார் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓட்டிய காலத்தில், தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையிலிருந்த பாஸ் அவற்றைக் கழற்றிப் பூட்டினார். இன்றைய காரின் கதவைத் திறந்து பார்த்தாலே உத்தரவாதம் போய்விடும் என்று எச்சரிக்கிறார்கள். உள்ளூர்க்காரர் தொடக்கூடாது என்றால், தொடத் தகுந்தவரை அனுப்பவேண்டிய கடமை எச்சரிப்பவருக்கு உண்டு. ஊவாவிலுள்ள ஒரு நல்ல கராஜைத் தெரிந்தெடுத்துப் பயிற்சியளித்து அங்கீகரிக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு தொழில்நுட்பவியலாளர் பண்டாரவளைக்கு வந்து வாகனங்களைப் பார்க்கலாம். அதுவும் இயலாதெனில், கொழும்புக்குக் கொண்டுசெல்லும் செலவை விற்றவர் ஏற்கலாம்.

நான் வலியுறுத்துவது மூன்று மாற்றங்களையே. முறைப்பாட்டுக்கான காலம் வாங்கிய நாளிலிருந்தன்றி, குறை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். உத்தரவாதம் நீடிக்கும்வரை முறையிடும் உரிமையும் நீடிக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களில் தோன்றும் குறைக்கு, அது தமது குறையன்று என்று நிறுவும் பொறுப்பு விற்றவரிடம் இருக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரம் வாங்குபவர் அறிந்த மொழியில் இருக்க வேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளை அரசே இருமொழிப் பிரிவுகளாக அறிவித்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழைத் தமிழில் கேட்கும் உரிமை உள்ளவருக்கு, தாம் கடன்பட்டு வாங்கும் பொருளின் நிபந்தனையைத் தமிழில் வாசிக்கும் உரிமை இல்லையா?

சட்டம் மாறும்வரை வாங்குபவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்னர், தோட்டப் பாதையில் ஓடப்போகும் வாகனம் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதுவித்துக் கொள்ளுங்கள். உட்புறத் தோல், பிளாஸ்டிக், துணி ஆகியவற்றுக்கு உத்தரவாதம் எத்தனை மாதம் என்று தனியாகக் கேளுங்கள். இயந்திரத்துக்குரிய காலம் அவற்றுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குறை தோன்றிய அன்றே திகதியுடன் படமெடுங்கள். முனகலைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னதை அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். மூன்று மாதம் முடிவதற்குள், சிறிய குறையாயினும், அதிகார சபைக்கு ஒரு கடிதம் போட்டுவையுங்கள்.

கொழும்பிலிருந்து ஊவாவுக்கு வரும் ஏ4 பாதை, பெரகலைச் சந்தியில் பிரிந்து அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. விளம்பரங்கள் அச்சந்தியைத் தாண்டி வருகின்றன. விற்பனைப் பிரதிநிதிகள் தாண்டி வருகிறார்கள். லீசிங் காரர்கள் இரவோடிரவாகத் தாண்டி வருகிறார்கள். உத்தரவாதமும் தாண்டி வரவேண்டும் என்று சட்டம் பணிக்காதவரை, அது தானாக வரப்போவதில்லை.