சேகா சாட்டர்ன்: பலருக்கும் தெரியாமல் போன நல்ல விளையாட்டுகள்

பழைய வீடியோ கேம் என்றதும் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் மரியோ, கான்ட்ரா என்று இரண்டு பெயர் சட்டென்று வரும். தொண்ணூறுகளில் டிவியில் மாட்டிய பெட்டியும், '9999999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டும் செய்த புண்ணியம் அது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோ பெட்டியின் நகல்கள். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று எந்தப் பையனும் கவலைப்படவில்லை. கையில் கிடைத்தது, விளையாடினான், இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

சரி, கையில் கிடைக்காத விளையாட்டுகள்? அவை எல்லாம் மோசமானவையா? நிச்சயமாக இல்லை. அதற்கு நல்ல உதாரணம் சேகா சாட்டர்ன் என்கிற பெட்டி.

சேகா கம்பெனி சாட்டர்னை ஜப்பானில் 1994 நவம்பரில் வெளியிட்டது. சிடியில் ஓடும் பெட்டி. உள்ளே ஒன்றுக்கு இரண்டு ஹிட்டாச்சி பிராசஸர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாக வேலை வாங்குவதற்குள் புரோகிராமர்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, மற்ற பெட்டிகள் முப்பரிமாணப் படத்தை முக்கோணங்களால் வரைய, இது நாற்கரங்களால் வரைந்தது. மற்றவற்றுக்கு எழுதியதை இதற்கு மாற்றுவது லேசான வேலையாக இருக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. 1995 மே மாதம் நடந்த முதல் இ3 கண்காட்சியில், "சாட்டர்ன் இன்றைக்கே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர்" என்று சேகா திடீரென்று அறிவித்தது. கேம் தயாரிப்பாளர்களே தயாராக இல்லை. பல கடைகளுக்குச் சரக்கும் போகவில்லை. அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷன் 299 டாலர் என்று சொன்னது. அன்றைக்கே பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. 1997ல் சேகாவின் அமெரிக்கக் கிளையில் தலைமைப் பொறுப்பில் இருந்த பெர்னி ஸ்டோலர், கம்பெனியின் எதிர்காலம் சாட்டர்ன் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசிக் கணக்கில் பிளேஸ்டேஷன் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

ஆக, தோற்றது விற்பனையில். தண்டனையோ விளையாட்டுகளுக்கு! அதுதான் இங்கே இருக்கிற அநியாயம்.

'பான்சர் டிராகன் சாகா'வை எடுத்துக்கொள்ளலாம். யூகியோ ஃபுடாட்சுகி தலைமையில் 'டீம் ஆண்ட்ரோமெடா' குழு செய்தது. 1998ல் நான்கு சிடிகளில் வந்தது. டிராகன் மேல் ஏறிப் பறக்கும் ஒரு இளைஞனின் கதை. அந்தக் காலத்து ஆர்பிஜி விளையாட்டுகளில் சண்டை என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று மாறி மாறி அடிப்பார்கள். இதில் டிராகன் எதிரியைச் சுற்றிப் பறக்கும். எந்தப் பக்கம் ஆபத்து, எந்தப் பக்கம் பலவீனம் என்று பார்த்து இடம் மாற வேண்டும். இடம் மாறும்போது தாக்கும் சக்தி ஏறாது. அடிப்பதா, நகர்வதா என்று ஒவ்வொரு நொடியும் யோசிக்க வைக்கும். அமெரிக்காவில் இது வந்தபோது சாட்டர்னுக்கே மூடுவிழா நடந்துகொண்டிருந்தது. அதனால் மிகக் குறைந்த பிரதிகள்தான் கடைக்கு வந்தன. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், வாங்கத்தான் சிடி இல்லை. இன்றுவரை வேறு எந்தப் பெட்டிக்கும் அது வரவில்லை. அதன் சோர்ஸ் கோடே தொலைந்துவிட்டது என்கிறார்கள். பழைய சிடி ஒன்று ஏலத்துக்கு வந்தால் நூற்றுக்கணக்கான டாலர் விலை போகிறது. அதில் ஒரு பைசாகூட அதைச் செய்தவர்களுக்குப் போவதில்லை.

அதே 1998ல் வந்தது சோனிக் டீமின் 'பர்னிங் ரேஞ்சர்ஸ்'. எதிர்காலத்துத் தீயணைப்பு வீரர்களைப் பற்றியது. எரியும் கட்டடத்துக்குள் வழி காட்ட மேப் கிடையாது. காதில் ஒரு பெண் குரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும். புகைக்குள் நிற்பவனுக்குக் குரல்தான் துணை என்பதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் பிறகு நன்றி சொல்லி மெயில் அனுப்புவார்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று கணக்குக் கேட்ட விளையாட்டுகளுக்கு நடுவே, எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்று கேட்ட விளையாட்டு இது.

'ஷைனிங் ஃபோர்ஸ் 3' கதை இன்னும் பாவம். ஒரே போரை மூன்று பேர் பார்வையில் சொல்லும் மூன்று பாகங்கள். ஒன்றில் எடுக்கும் முடிவு அடுத்ததில் எதிரொலிக்கும். ஜப்பானுக்கு வெளியே முதல் பாகம் மட்டும்தான் வந்தது. இடைவேளையோடு தியேட்டரை மூடியது மாதிரி! மீதி இரண்டையும் பின்னாளில் ரசிகர்களே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். சம்பளம் கிடையாது, கம்பெனி கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது. 1997ல் ஜப்பானில் மட்டும் வந்த 'ரியல் சவுண்ட்: கசே நோ ரிக்ரெட்'. செய்தவர் கென்ஜி ஈனோ. இந்த வீடியோ கேமில் வீடியோவே கிடையாது! திரை வெறுமையாக இருக்கும். ஒரு காதல் கதை வானொலி நாடகம் போல ஓடும். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மணி ஒலிக்கும், விளையாடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வையற்ற ரசிகர்கள் சிலர் தன் விளையாட்டுகளைச் சிரமப்பட்டு விளையாடுவதை அறிந்த பிறகு ஈனோ இதைச் செய்தார். சாட்டர்னுக்கு மட்டும் தருகிறேன், பதிலுக்குப் பார்வையற்றவர்களுக்கு 1,000 சாட்டர்ன்களை இலவசமாகக் கொடுங்கள் என்று சேகாவிடம் பேரம் பேசியதாகப் பிற்காலப் பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். விளக்கக் குறிப்பு பிரெய்லியிலும் இருந்தது. கதை எழுதிய யூஜி சகமோட்டோ 2023ல் 'மான்ஸ்டர்' படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கினார். ஈனோ 2013ல் இறந்துவிட்டார். அவருடைய அந்த விளையாட்டு 1999ல் ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு தடவை வந்ததோடு சரி.

"நல்ல சரக்காக இருந்தால் கம்பெனியே மறுபடி விற்குமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலது அப்படித் திரும்பி வந்திருக்கிறது. ட்ரெஷர் நிறுவனத்தின் 'ரேடியன்ட் சில்வர்கன்' 2011ல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. ஆனால் அது விதிவிலக்கு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. 13 சதவீதத்துக்குத்தான் பிழைப்பு.

"காப்பி எடுத்தால் திருட்டு இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. கடையில் கிடைப்பதைக் காப்பி எடுத்தால் திருட்டுதான், அதில் சந்தேகமே இல்லை. விற்கவும் மாட்டேன், நூலகம் கொடுக்கவும் விடமாட்டேன் என்றால் எப்படி? அமெரிக்காவில் நூலகங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. கடையில் கிடைக்காத பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி, அவ்வளவுதான். 2024 அக்டோபரில் அதுவும் மறுக்கப்பட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவார்களாம்! நாவலை நூலகத்தில் எடுத்து ஒருவர் பொழுதுபோக்காகப் படித்தால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்களா? :-)

புத்தகங்களுக்கு இந்தப் பிரச்சினையைத் தீர்க்க வழி கண்டுபிடித்து எவ்வளவோ காலம் ஆகிறது. இந்தியாவில் 1954ஆம் வருடச் சட்டப்படி, பதிப்பாளர் தன் புத்தகத்தின் பிரதியைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். விற்றதா, விற்கவில்லையா என்று கன்னிமாரா கேட்பதில்லை. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகமும் 2000ஆம் வருட அக்டோபர் முதல் சிடி வடிவ வெளியீடுகளைக் கட்டாயமாகப் பெறுகிறது, வீடியோ கேம்களும் அதில் அடக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் அது வருவதற்குள் சாட்டர்ன் காலம் முடிந்துவிட்டது.

இதற்கிடையே பெட்டிகளுக்கும் வயதாகிறது. சாட்டர்னுக்குள் சேமித்த ஆட்டங்களைக் காப்பது வாட்ச்சில் போடுவது மாதிரியான ஒரு சின்ன பேட்டரி. அது தீர்ந்தால் அத்தனையும் அழிந்துவிடும். சிடியைப் படிக்கும் லென்ஸும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. குறிப்பிட்ட வருடங்கள் ஒரு விளையாட்டு கடையில் கிடைக்கவில்லை என்றால், நூலகங்கள் அதைக் காப்பி எடுத்து வைத்து வாசகர்களுக்குத் தரலாம் என்று சட்டம் வர வேண்டும். கம்பெனி மறுபடி விற்க வந்தால் நூலகம் நிறுத்திக்கொள்ளட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை. கண் தெரியாதவருக்காக ஒருவர் இவ்வளவு யோசித்துச் செய்த விளையாட்டு, ஏலத்தில் ஜெயிப்பவரின் அலமாரியில் மட்டும் இருப்பது நியாயமே இல்லை.