மொழித் துணை: "ஆம்" என்னும் இரண்டெழுத்து



நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சிறு சொல்லைப் பற்றி இம்மாதம் பேசலாம் என்று எண்ணுகிறேன். "அவன் வந்தானாம்", "அங்கே நல்ல மழையாம்", "அந்தப் பெண் கெட்டிக்காரியாம்" என்கிறோம் அல்லவா? இவற்றின் இறுதியில் நிற்கும் "ஆம்" என்பதற்கு எழுத்து இரண்டே. ஆயினும் அது செய்யும் வேலை பெரிது. "இதனை நான் நேரில் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், மெய்யோ பொய்யோ, பொறுப்பு என்னுடையதன்று" என்பதை எல்லாம் அது ஒருங்கே உணர்த்திவிடுகிறது. பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டியும் "ஒரே ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தானாம்" என்றுதான் தொடங்குகிறாள்.

இந்த இரண்டெழுத்தை நான் ஒருமுறை தொலைத்துவிட்டேன். அதனால் விளைந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பில் வசித்த ஓர் அம்மையார் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். தம் மகளுக்குப் பார்த்திருந்த வரனைப் பற்றி, ஊரிலுள்ள உறவினர் ஒருவர் விசாரித்து எழுதிய கடிதம் அது. அம்மையாரின் கணவர் காலமாகிவிட்டார். முடிவு சொல்ல வேண்டிய மூத்த மகன் வேறொரு நகரத்தில் உத்தியோகத்தில் இருந்தான். வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. "இதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தீர்களானால் அவனுக்கு அனுப்பிவிடுவேன்" என்றார்.

கடிதத்தில் ஒரு வரி இருந்தது: "பையனை முன்பு பார்த்த வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம்." நான் அவசரத்தில், "ஹி வாஸ் டிஸ்மிஸ்ட் ஃப்ரம் ஹிஸ் ஃபார்மர் போஸ்ட்" என்று எழுதிக் கொடுத்தேன். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. "ஆம்" மட்டும் இல்லை. உறவினர் காதில் விழுந்த ஊர்ப்பேச்சு, என் பேனாவின் வழியே உறுதிப்பட்ட உண்மையாகிவிட்டது. "இந்த இடம் வேண்டாம்" என்று மகன் பதில் எழுதிவிட்டான். ஓராண்டு கழித்தே விவரம் தெரிந்தது. அந்த நிறுவனம் தன் கிளையையே மூடிவிட்டதால் அங்கிருந்த அனைவருக்கும் வேலை போயிருக்கிறது; பையன்மீது குற்றம் ஏதுமில்லை. அதற்குள் அவனுக்கு வேறிடத்தில் மணம் முடிந்துவிட்டது.

அம்மையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் எழுதினதிலே அந்த ‘ஆம்’ இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

பின் நான் எவ்வாறு எழுதியிருக்க வேண்டும்? வினைச்சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் "ஆம்" போன்ற உறுப்பு ஆங்கிலத்தில் கிடையாது. அதன் வேலையை அம்மொழி பெரும்பாலும் செயப்பாட்டு வினையைக் கொண்டு செய்துகொள்கிறது. அதற்கு வழிகள் இரண்டு. "இட் இஸ் செட் தட் ஹி வாஸ் டிஸ்மிஸ்ட்" என்பது ஒன்று. "ஹி இஸ் செட் டு ஹாவ் பீன் டிஸ்மிஸ்ட்" என்பது மற்றொன்று. முதலாவதில் செய்தி முழு வாக்கியமாகப் பின்னால் வருகிறது. இரண்டாவதில் எவரைப் பற்றிய செய்தியோ அவரே எழுவாயாக முன்னால் நிற்கிறார். பொருள் இரண்டிற்கும் ஒன்றே.

இரண்டாம் வழியில் நம் பிள்ளைகள் இடறுவது காலத்தைக் காட்டுவதில்தான். "நாகபுரியில் இருக்கிறாராம்" என்பதற்கு "ஹி இஸ் செட் டு லிவ் இன் நாக்பூர்" என்றால் போதும். "நாகபுரியில் இருந்தாராம்" என்பதற்கோ "டு ஹாவ் லிவ்ட்" என்று வர வேண்டும். அந்த "ஹாவ்" விடுபட்டால், என்றோ ஊரை விட்டுப் போனவர் இன்றும் அங்கேயே குடியிருப்பவராகிவிடுவார்.

இனி வினைச்சொற்களின் தரத்தைக் காண்போம். "செட்" என்பது பொதுவானது. "ரிப்போர்ட்டட்" என்றால் செய்தி எவரோ தெரிவித்து வந்தது என்று பொருள். "பிலீவ்ட்", "தாட்" என்பவை பலரும் அவ்வாறு கருதுகிறார்கள் என்பதைக் காட்டும். "அலெஜ்ட்" என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு. வழக்கு முடியுமுன் செய்தித்தாள்கள் இச்சொல்லைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். "ரூமர்ட்" என்றால் வெறும் வதந்தி. "நோன்" என்பது மட்டும் இவ்வரிசையில் சேராது. அது தெரிந்த உண்மையைக் குறிப்பது. "சப்போஸ்ட்" என்பதிலோ இரு பொருள் உண்டு. "ஹி இஸ் சப்போஸ்ட் டு பி ரிச்" என்றால் அவர் பணக்காரராம். "ஹி இஸ் சப்போஸ்ட் டு கம் அட் டென்" என்றால் அவர் பத்து மணிக்கு வர வேண்டியவர். இடம் அறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

நம்மைச் சுற்றியுள்ள மொழிகளுக்கும் இவ்வசதி உண்டு. தெலுங்கர் "வச்சாடட" என்பர். கன்னடத்தார் "பந்தனந்தே" என்பர். மலையாளிகள் "வந்நத்ரே" என்பர். மராட்டியர் வாக்கியத்தின் இறுதியில் "ம்ஹணே" என்று சேர்ப்பர். இந்தியில் "சுனா ஹை" என்றோ "கஹ்தே ஹைன்" என்றோ தொடங்குவர். தொல்காப்பியர் தம் விதிகள் பலவற்றை "என்ப" என்றும் "என்மனார்" என்றும் முடிப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அது ஊர்ப்பேச்சன்று, புலவர் மரபு. ஆயினும் தமக்கு முந்தையோர் சொன்னதைத் தம் சொல்லாகக் காட்டிக்கொள்ளாத அந்தப் பண்பு நம் இலக்கணத்தின் வாயிலிலேயே நிற்கிறது.

இப்பண்பை மறந்தால் பெரிய மன்றங்களும் இடறும். 1979 மார்ச் 22 அன்று, ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று மக்களவையில் பிரதமர் மொரார்ஜி தேசாயே அறிவித்தார். அவையில் இரங்கலும் தெரிவிக்கப்பட்டது. ஆனால் ஜெயப்பிரகாஷ் அப்போது பம்பாய் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8 அன்றுதான். கேட்ட செய்தி கண்ட செய்தியாக அவையேறியதன் விளைவு அது.

சட்டமும் இவ்வேறுபாட்டைக் கருத்தாகப் பேணுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. கண்ணால் காணக்கூடியதைக் கண்டவரே சொல்ல வேண்டும். காதால் கேட்கக்கூடியதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இவ்விதி அதிலும் தொடர்கிறது. நீதிமன்றத்தில் "ஆம்" போட்டுச் சொல்வது பொதுவாகச் செல்லாது. நம் வீடுகளில் நடக்கும் விசாரணைகளிலோ பெரும்பாலும் அதுதான் செல்கிறது!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் செயப்பாட்டு வினை, சொன்னவர் யார் என்பதை மறைத்துவிடும். "இட் இஸ் லர்ன்ட் தட்" என்று தொடங்கும் காரியாலயக் கடிதங்கள் நம்மில் பலருக்குப் பழக்கமானவை. யாரிடமிருந்து அறிந்தார்கள் என்பது அவற்றில் இராது. "என்று சொல்லப்படுகிறது" என்று எழுதிவிட்டு எவர்மீதும் எதையும் தூற்றலாம் என்று எண்ணுவது தவறு. "ஆம்" நம் அறியாமையை ஒப்புக்கொள்வதற்கு உரியது. அவதூற்றுக்குத் திரையாக அதனைப் பயன்படுத்தலாகாது. சொன்னவரைச் சொல்ல முடியுமானால் சொல்லிவிடுவதே நேர்மை.

ஆகவே, ஊர்க் கடிதத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பெற்றோரை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். சொற்களையெல்லாம் பெயர்த்து முடித்தபின், மூலத்தில் எத்தனை "ஆம்" இருந்தன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அத்தனையும் பெயர்ப்பில் வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கடிதத்தை உறையிலிடாதீர்கள்.

இளைஞர்களுக்கு வழக்கம்போல் ஒரு பயிற்சி. பின்வருவனவற்றை மேற்சொன்ன இரு வழிகளிலும் ஆங்கிலமாக்குங்கள்: "அவர் நன்றாகப் பாடுவாராம்." "அந்த வீட்டை விற்றுவிட்டார்களாம்." "அவள் டில்லியில் படித்துக்கொண்டிருக்கிறாளாம்." விடைகளை அடுத்த இதழில் காண்போம்.