வினீர் ஒட்டுவதற்கு ஏற்ற வெற்றிடப் பம்பு எது?

வீட்டுப் பட்டறை

பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, மாலையில் வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ இழைப்புளியைக் கையில் எடுக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் சிலர் உளர். அவர்களுள் ஒரு பகுதியினர் இதனையே உபதொழிலாகவும் கொண்டு, வந்து குடியேறிய ஊரில் குடும்ப வருவாய்க்குத் துணை தேடிக்கொள்கின்றனர். முழுத் தேக்குப் பலகையின் விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்டபடியால், பிளைவுட் பலகையின்மேல் உயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டும் முறை இன்று எங்கும் பரவியுள்ளது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள அத்தகட்டைத்தான் வினீர் என்கிறோம்.

வினீர் ஒட்டுவதில் உள்ள சங்கடம் ஒன்றே. பலகையின் எல்லாப் பகுதியிலும் ஒரே சீரான அழுத்தம் வேண்டும். ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தாலும் அங்கே கொப்புளம் எழும். பசை இறுகிய பின்னர் அதைச் சரிசெய்வது அரிது. வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் படுவதும் அதுவே. மரமும் பசையும் மூன்று நாள் உழைப்பும் வீணாகும். இதற்குப் பரிகாரமாக வழங்குவதுதான் வெற்றிடப் பை. பசை தடவிய பலகையையும் வினீரையும் கனத்த பிளாஸ்டிக் பையினுள் இட்டு, வாயை இறுக மூடி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பினால் வெளியேற்றினால், பை நாற்புறமும் படிந்து பலகையைச் சீராக அழுத்தும்.

இப்பம்பை வாங்கச் செல்லும் அன்பரிடம் கடைக்காரர் பெரியதையே எடுத்துக் காட்டுவார். ‘இரட்டை ஸ்டேஜ்’, ‘முழு வாக்குவம்’ என்னும் சொற்கள் செவிக்கு இனிமையாகவே இருக்கும். வருஷம் முழுவதும் காத்திருந்து பெற்ற போனஸ் பணம் அந்த ஒரு கடையிலேயே கரைந்துவிடும். அத்தனை செலவு வேண்டுமா? வேண்டுவதில்லை என்பதே நம் விடை. அதற்குரிய காரணங்களைப் பார்ப்போம்.

பம்பு பலகையை அழுத்துவதில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். அழுத்துவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்று. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஒரு கிலோவுக்குச் சற்று மிகுந்த சுமையைக் காற்று ஏற்றுகிறது. சதுர அடிக்குக் கணக்கிட்டால் சுமார் 960 கிலோ ஆகும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக அழுத்துவதால் அது நமக்குப் புலப்படுவதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை நீக்கினால் அதன் வலிமை வெளிப்பட்டுவிடும். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து ஓட்டோ பான் கெரிக் என்பார் 1650-களில் இரண்டு உலோக அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை நீக்கி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து இவ்வுண்மையைக் காட்டினார்.

வெற்றிடத்தைப் பாதரச அங்குலக் கணக்கில் கூறுவது கடை வழக்கு. கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் ஏறத்தாழ 30 அங்குலம். 20 அங்குலத்தில் சதுர அடிக்குச் சுமார் 640 கிலோ அழுத்தமும், 25 அங்குலத்தில் சுமார் 800 கிலோ அழுத்தமும் கிடைக்கும். 2 அடிக்கு 4 அடி மேசைப் பலகைக்கு 25 அங்குலத்தில் மொத்தம் 6,400 கிலோ! வினீர் வேலைக்கு 20 முதல் 25 அங்குலம் தாராளமாகப் போதும். மேலும் பொருள் செலவிட்டு 29 அங்குலம் எட்டும் பம்பை வாங்கினாலும், அதிகமாகக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு அழுத்தமே.

அன்றியும், அளவு மீறிய வெற்றிடத்தால் கெடுதலும் உண்டு. பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் நீர் கலந்துள்ளது. அழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் தாழ்ந்துகொண்டே வரும். 25 அங்குல வெற்றிடத்தில் நீர் சுமார் 56 டிகிரியில் கொதிக்கும். நம் அறைகள் அந்த அளவுக்குச் சுடுவதில்லை. 29 அங்குலத்தைக் கடந்தாலோ, சாதாரண அறை வெப்பத்திலேயே பசையிலுள்ள நீர் கொதித்து நுரைக்கக்கூடும்.

ஊரின் உயரத்தையும் கருத வேண்டும். பம்பாய், கல்கத்தா போன்ற கடல் மட்டத்தை ஒட்டிய நகரங்களில் மேற்கூறிய கணக்கு அப்படியே பொருந்தும். தில்லியில் முழு வெற்றிடம் சுமார் 29 அங்குலம். புனேயில் சுமார் 28. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே முழு வெற்றிடமே சுமார் 27 அங்குலந்தான். முள் 26-இல் நின்றுவிட்டதென்று அவ்வூர் அன்பர்கள் பம்பைக் குறை கூறலாகாது. அவர்கள் 20 முதல் 22 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

வெற்றிடத்தின் ஆழம் பெரிதல்ல என்றால், பம்பில் பார்க்க வேண்டியது யாது? இதற்கு நம் இரயில் வண்டிகளில் நெடுங்காலம் வழங்கிய வெற்றிட பிரேக்கு நல்ல உதாரணமாகும். இன்று அதன் இடத்தைக் காற்றழுத்த பிரேக்கு பெரும்பாலும் பிடித்துவிட்டது. பழைய ஏற்பாட்டில், எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை செல்லும் குழாயில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அதாவது 20 அங்குலம். அது இருக்கும்வரை பிரேக்கு விலகி நிற்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று உட்புகுந்து பிரேக்கு பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குப் பெட்டி ரப்பர் ஹோஸ்களால் இணைத்த அக்குழாயில் கசிவே இல்லாதிருப்பது இயலாது. ஆதலின் நீராவி எஞ்சினில் இரண்டு எஜெக்டர்கள் இருந்தன. காற்றை விரைந்து வெளியேற்றிப் பிரேக்கை விடுவிக்கப் பெரியது; பின்னர் கசிவை ஈடுசெய்துகொண்டே இருக்கச் சிறியது.

நம் பைக்கும் இதே இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, பசை காய்ந்து தோல் கட்டுமுன் காற்றை வெளியேற்றுதல். மற்றொன்று, பசை இறுகும்வரை பல மணி நேரம் வெற்றிடத்தைக் காத்தல்.

முதல் வேலைக்கு வேகம் வேண்டும். இவ்வேகத்தைச் சி.எப்.எம். என்பர், நிமிடத்திற்கு இத்தனை கன அடி என்று பொருள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். பையில் எஞ்சியுள்ள காற்று 1 கன அடி, பம்பின் வேகம் 1 சி.எப்.எம். எனில், கணக்குப்படி 25 அங்குலத்தை எட்ட இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகும். நடைமுறையில் மூன்று நிமிடம் என்று கொள்ளலாம். 8 அடிக்கு 4 அடி முழுப் பலகைக்கான பையில் 5 கன அடிக் காற்று நின்றால், அதே பம்புக்குக் கால் மணி நேரம் ஆகும். கோடையில் வெள்ளைப் பசை அதுவரை காத்திராது. எனவே மேசைப் பலகை அளவுக்கு 1 சி.எப்.எம்.; முழுப் பலகைக்கு 3 அல்லது அதற்கு மேல்.

இங்கே சிக்கனத்திற்கு ஒரு வழி உண்டு. பையைக் கையால் நீவிக் காற்றைத் தள்ளிவிட்டு, எஞ்சியதை வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிய பிறகு பம்பை இணைக்கலாம். கிளீனர் பெரிய எஜெக்டரின் வேலையையும், சிறு பம்பு சிறிய எஜெக்டரின் வேலையையும் செய்துவிடும். ஆனால் கிளீனரின் மோட்டாரைக் குளிர்விப்பதே அதனூடே செல்லும் காற்றாதலால், பை படிந்த மறுகணமே அதனை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது வேலையின் சுமையை நிர்ணயிப்பது பம்பன்று, பையின் கசிவே. வெறும் பையை மூடி 25 அங்குலம் வரை இழுத்து, வால்வை அடைத்துப் பம்பை நிறுத்துக. அரை மணி நேரம் கழித்தும் முள் 20-க்குக் கீழே இறங்காவிட்டால் பை நல்ல பை. எந்தச் சிறு பம்பும் அதைத் தாங்கும். ஐந்து நிமிடத்திலேயே சரிந்துவிட்டால், பெரிய பம்பை நாடாமல் பையின் வாயையும் ஒட்டுகளையும் ஹோஸ் இணைப்பையும் சோதிக்க வேண்டும். சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும். நூறு ரூபாய்ப் பசை நாடாவினால் தீரும் குறைக்குப் பல ஆயிரம் ரூபாய் பம்பு மருந்தாகாது.

இனி, சந்தையில் கிடைக்கும் வகைகளைக் காண்போம்.

ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் எண்ணெய்ப் பம்பு எந்த நகரத்திலும் கிடைக்கும், வேகமும் நன்று. சிங்கிள் ஸ்டேஜே போதும். இரட்டை ஸ்டேஜ் நம் வேலைக்கு வீண் செலவு. ஆனால் இது ஆழ்ந்த வெற்றிடத்திற்கென அமைந்தது. கசிவுள்ள பையோடு மணிக்கணக்கில் ஓடினால் சூடேறி எண்ணெய்ப் புகையைக் கக்கும். அப்புகை மரத்தில் படிந்தால் பாலிஷ் பிடிக்காது. ஆகவே வெளியேறும் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட வேண்டும். பசையிலிருந்து வரும் நீராவி கலந்து எண்ணெய் பால்போல் வெளுத்தால் உடனே மாற்றிவிடுக.

எண்ணெய் இல்லாத கார்பன் தகட்டுப் பம்பு இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. நாள் முழுவதும் ஓடவல்லது. ஆப்செட் அச்சு இயந்திரங்களில் தாளைத் தூக்குவதற்கு இவ்வகை வழங்குவதால், பழைய அச்சுச் சாமான் விற்கும் கடைகளில் தேடிப் பார்க்கலாம். தகடுகள் தேயும், மாற்றுத் தகடு கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே வாங்குக.

டயாபிரம் பம்பும் எண்ணெயற்ற பிஸ்டன் பம்பும் சிறு வேலைக்கு உகந்தவை. பராமரிப்பு குறைவு. வேகம் பெரும்பாலும் குறைவாதலின் சிறிய பைக்கே ஏற்றவை. சுவருக்குச் சுவர் ஒட்டிய பிளாட்டுகளில் குடியிருப்போர், எதனை வாங்கினும் அதன் ஓசையைக் கடையிலேயே கேட்டுவிடுவது நன்று.

ஏர் கம்ப்ரெஸர் வைத்திருப்போர் வெஞ்சுரி என்னும் சிறு கருவியை வாங்கிக்கொள்ளலாம். அசையும் உறுப்பு இல்லை, விலையும் குறைவு. பழைய எஜெக்டரின் தத்துவமே இதுவும். ஆனால் இதற்கெனக் கம்ப்ரெஸரைப் புதிதாக வாங்குவது, ஓசையாலும் மின்செலவாலும் கட்டுப்படியாகாது.

பழைய குளிர்ப்பெட்டியின் கம்ப்ரெஸரைக் கழற்றிப் பம்பாக்குவோரும் உண்டு. வேகம் மிகக் குறைவு. எண்ணெயையும் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். தவிர, இக்காலத்துக் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. அதன் குழாயை வீட்டில் அறுப்பது ஆபத்து. இம்முயற்சியைத் தவிர்த்தலே அறிவுடைமை.

வாங்கச் செல்லும்போது மூன்று கேள்விகளைத் தவறாது கேட்க வேண்டும். முதலாவது, 20 அங்குல வெற்றிடத்தில் இப்பம்பின் வேகம் என்ன? பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது தடையின்றிக் காற்றை இழுக்கும்போது உள்ள வேகம்; வெற்றிடம் மிக மிக அது வெகுவாகக் குறையும். இரண்டாவது, இடைவிடாமல் எத்தனை மணி நேரம் ஓடலாம்? தில்லி, லக்னோ போன்ற ஊர்களின் மார்கழிக் குளிரில் பசை இறுகுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். யூரியா பசையோ 20 டிகிரிக்குக் கீழே மிக மந்தமாகவே இறுகும். மூன்றாவது, உதிரி உறுப்புகள் இவ்வூரிலேயே கிடைக்குமா? இவற்றுக்கு மேலாக ஒரு சோதனை உண்டு. பம்பின் வாயை விரலால் அடைத்துக் கேஜைக் காட்டினால், வெற்றிடத்தின் ஆழம் தெரியுமே தவிர வேகம் தெரியாது. ஆகவே பையை மடித்து உடன் எடுத்துச் சென்று, கடையிலேயே இணைத்து, கடிகாரத்தைப் பார்த்து அளப்பதே உத்தமம்.

மின்வெட்டையும் மறக்கலாகாது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு திடீரென நின்றால், அதன் வழியே காற்று பைக்குள் திரும்பும். எண்ணெய்ப் பம்பாயின் எண்ணெயும் உடன் வரக்கூடும். பம்புக்கும் பைக்கும் இடையே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வைப் பொருத்தினால் இவ்விடர் இல்லை. பம்பில் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை இவ்வால்வும், பையிலேயே பொருத்தத்தக்க ஒரு நல்ல கேஜும் ஆகும். மின்செலவைக் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. கால் குதிரைசக்தி மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினாலும் சுமார் 2 யூனிட்டே செலவாகும்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிறு பலகைகள் மட்டும் ஒட்டுவோர்க்குப் பம்பே தேவையில்லை. இரண்டு கனத்த பலகைகளுக்கு இடையே வைத்து நாலைந்து கிளாம்புகளால் இறுக்கினாலே போதுமானது. பெரிய பலகை, வளைந்த பலகை, அல்லது அடிக்கடி வரும் ஆர்டர் உள்ளவர்க்கே பையும் பம்பும் பயன்படும்.

இறுதியாக, தாய்மார்களும் கவனிக்க வேண்டிய ஒன்று. இப்பை பெரியது, குழந்தைகளுக்கு நுழைந்து விளையாடும் கூடாரம்போல் தோன்றும். மூச்சுமுட்டி உயிரே போய்விடக்கூடும். வேலை முடிந்ததும் சுருட்டிக் கட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பம்பின் ப்ளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

சுருங்கக் கூறின், முதலில் பையின் கசிவை அடைக்க வேண்டும். அடுத்து அதன் காற்றை அளக்க வேண்டும். அதன் பின்னரே பம்பின் விலையைக் கேட்க வேண்டும். இவ்வரிசை மாறாதிருந்தால், கைப்பொருளும் மிஞ்சும், பலகையும் கொப்புளமின்றி விளங்கும். வினீரைப் பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது வளைந்துவிடுவது ஏன் என்பதை அடுத்த இதழில் ஆராய்வோம்.