ஏறுகிற வண்டிக்கு முதல் வழி

கொல்லிமலையில் அரியூர் நாட்டிலிருந்தோ செம்மேட்டிலிருந்தோ காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்குவதென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்தச் சாலை குறுகும் இடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி முதலில் போக வேண்டும். இது மலை ஓட்டுநர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமல்ல. சாலை விதிகளில் எழுதப்பட்டிருக்கிற சட்டமும்கூட. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி நகர்த்துவது கடினம், இறங்குகிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை என்பதே அதன் நியாயம். யாருக்குச் சிரமம் அதிகமோ அவருக்கு வழி. மலையில் யாரும் மறுக்காத இந்த நியாயத்தை, நகரத்துச் சைக்கிள் பாதையில் மட்டும் பைக் ஓட்டுகிறவர்கள் ஏன் ஏற்க மறுக்கிறோம்? காலால் மிதித்துப் போகிறவர் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் தன் உடம்பின் பலத்தையே செலவழிக்கிறார். பைக்கில் இருப்பவருக்கு வலது கையை லேசாகத் திருப்பினால் போதும்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும், சீருடையில் உள்ள காவலர் அனுமதித்தால் தவிர, மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் பேருந்துத் தடத்தோடு சேர்த்துப் போட்ட சைக்கிள் பாதையில் பைக்குகள் தாராளமாகப் புகுந்தன. 2016-இல் அந்தத் தடமே பெயர்த்தெடுக்கப்பட்டது. கம்பங்களை நட்டுத் தடுத்துவிடலாமே என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். பாதி உண்மை. சக்கர நாற்காலியும் மூன்று சக்கர மிதிவண்டியும் நுழைய வேண்டுமென்றால் கம்பங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டராவது விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் எந்த பைக்கும் நுழைந்துவிடும். காரைத் தடுக்கக் கம்பம் போதும், பைக்கைத் தடுக்க விதியும் அதை அமல்படுத்துகிற ஆளும் வேண்டும். அதனால்தான் சைக்கிள் பாதையின் விதி முதன்மையாக பைக் ஓட்டுகிறவரைப் பற்றிய விதியாகிறது.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. பைக் ஓட்டுகிறவரும் சாலையில் பலியாகிறவர்தானே, பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே நசுங்குகிறவர் கொஞ்சம் ஒதுங்கிப் போனால் என்ன என்பது அது. அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வி அல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ள சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது. ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக் 45 கிலோமீட்டரில் வருகிறது. பைக்கின் இயக்க ஆற்றல் சைக்கிளைப்போல் 20 மடங்கு. லாரியிடமிருந்து தப்ப நினைத்த பைக்காரர் சைக்கிள் பாதைக்குள் நுழைந்ததும், அங்கிருக்கிறவருக்கு அவரே லாரியாகிவிடுகிறார். அவருக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், அதைச் சைக்கிள்காரரிடமிருந்து பிடுங்கித் தரக்கூடாது. மலேசியாவில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் 1970-களிலிருந்து இருக்கிறது. லண்டனில் முக்கியச் சாலைகளின் பேருந்துத் தடங்களில் மோட்டார் சைக்கிளை அனுமதித்திருக்கிறார்கள். இருசக்கர வாகனம் இவ்வளவு பெருகிவிட்ட தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கையை உரக்க வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

சைக்கிள் பாதை காலியாகத்தானே கிடக்கிறது என்பது அடுத்த வாதம். பைக் ஓடுகிற, பைக் நிறுத்துகிற, தள்ளுவண்டி நிற்கிற பாதையில் யார் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புவார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குச் செல்வோரில் சுமார் 13 சதவீதத்தினர் சைக்கிளில் போனார்கள். பைக், ஸ்கூட்டரில் போனவர்களைவிட அது சற்றே அதிகம். கட்டட வேலைக்கும் காவலாளி வேலைக்கும் போன அவர்களுக்கு மாநகராட்சிக் கூட்டங்களில் குரல் கிடையாது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசே விலையில்லாச் சைக்கிள் தருகிறது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை ஓட்ட ஒரு கஜப் பாதுகாப்பான இடம் கொடுக்காமல் இருப்பது சரியா? சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. நடைபாதை அளவுக்குக்கூடச் சைக்கிள் பாதை அங்கே வளரவில்லை.

இன்னொரு ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. கால் கிலோவாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டர் நம் சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம். அப்படியானால் சைக்கிள் பாதைக்குள் அது வரலாமா? நெதர்லாந்து இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தது. சைக்கிள் பாதையில் ஓடிக்கொண்டிருந்த மொபெட்டுகளை ஊர் எல்லைக்குள் 1999 டிசம்பரில் சாலைக்கு மாற்றினார்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாத சின்ன ஸ்கூட்டர்களை மட்டும் பாதையில் விட்டுவைத்தார்கள். பலர் அவற்றின் வேகத்தைக் கூட்டி ஓட்டினார்கள், பாதையில் நெரிசலும் பயமும் பெருகின. கடைசியில் ஆம்ஸ்டர்டாம் 2019 ஏப்ரலில் அவற்றையும் தலைக்கவசத்தோடு சாலைக்கே அனுப்பியது. இருபது ஆண்டுத் தயக்கத்தை நாமும் திரும்ப அனுபவிக்கத் தேவையில்லை. பெடல் இல்லாத எந்த வண்டியும், மாற்றுத்திறனாளிகளின் வண்டி தவிர, சைக்கிள் பாதையில் ஓடக்கூடாது என்று தமிழ்நாடு இப்போதே அறிவிக்கலாம். இடப்பக்கம் திரும்புகிற பைக், நேராகப் போகிற சைக்கிளை முன்னால் விட்டுவிட்டுத்தான் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் உரிமத் தேர்வில் கட்டாயக் கேள்வியாக்கலாம். நேரத்துக்குப் பொட்டலம் சேர்க்கிற இளைஞர்களை மட்டும் பிடித்து அபராதம் போடாமல், அந்த நேரத்தைக் குறிக்கிற நிறுவனங்களிடமும் பதில் கேட்க வேண்டும்.