சாம்பலில் எழுந்த பறவையா? சம்பளத்தை எரித்த நெருப்பா?

உழைத்துக் களைத்தவர் சம்பள நாளன்று கையை நீட்டுகிறார். வெறுங்கையாகவே திரும்புகிறது அந்தக் கை. “ஏன் இந்த நிலை?” என்று கேட்கிறார். “கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது” என்று பதில் வருகிறது!

கருவூலம் வற்றிப்போன ஏழை நாட்டின் கதையன்று இது. செல்வம் கொழிக்கும் கனடா நாட்டில், 2016ஆம் ஆண்டில், அரசு ஊழியர்க்கு நேர்ந்த அவலம். ஊதியம் கணக்கிடும் மென்பொருளைப் புதுப்பிக்கப் புறப்பட்டது அந்த அரசு. புதிய முறைக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘பீனிக்ஸ்’. எரிந்த சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையாம் அது! எழுந்தது பறவை அல்ல. எரிந்தது ஊழியர் வீட்டு அடுப்பின் அமைதி.

பழைய முறையைப் போற்றிப் பாட வந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ 40 ஆண்டு பழமையான முறை அது. மாற்றத்தான் வேண்டும். பழையது என்பதற்காக எதையும் தொழுபவர் அல்லர் நாம். ஆனால், புதியது என்பதற்காக எதையும் தொழுவதும் பகுத்தறிவு ஆகாது.

அந்தப் பழைய முறை 40 ஆண்டுகள் ஓடியது எதனால்? இயந்திரத்தின் வலிமையால் மட்டுமா? இல்லை. துறைதோறும் அமர்ந்திருந்த ஊதியக் கணக்கர்களின் அறிவினால். மகப்பேற்று விடுப்பில் சென்றவர் யார், மேலதிகாரியின் பணியைத் தற்காலிகமாக ஏற்றவர் யார், இரவுப் பணிக்குக் கூடுதல் ஊதியம் பெறவேண்டியவர் யார் — அத்தனையும் அவர்கள் அறிவர். 80,000க்கும் மேற்பட்ட ஊதிய விதிகள் இருந்தன அந்த அரசில். ஏட்டில் இருந்தவை விதிகள். அவற்றை இணக்கி ஓட்டிய நுட்பம் அந்தக் கணக்கர்களின் தலைக்குள் இருந்தது.

அந்தத் தலைகளைத்தான் செலவுக் கணக்கில் முதலில் கழித்தார்கள்!

சுமார் 1,200 கணக்கர்களின் பணியிடங்களை ஒழித்து, ஏறத்தாழ 550 பேரைக் கொண்ட ஊதிய மையம் ஒன்றை மிராமிச்சி என்னும் சிறு நகரில் நிறுவினர். ஏன் மிராமிச்சி? அங்கே இருந்த துப்பாக்கிப் பதிவு அலுவலகத்தை மூடத் திட்டமிட்ட அன்றைய ஆட்சி, அதற்கு ஈடாக இந்த வேலைகளைத் தருவதாக வாக்களித்தது. ஓர் ஊருக்கு வேலை தருவது குற்றமன்று. ஆனால், நெடுங்காலப் பட்டறிவுடையோரில் பெரும்பாலோரை வெளியே விட்டு, புதியவர்களை அமர்த்தி, முன்னைவிட இருமடங்கிற்கும் மேலான சுமையை ஒவ்வொருவர் தோளிலும் ஏற்றினால் விளைவு என்ன ஆகும்? ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டவர்கள், இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

இன்னும் கேளுங்கள். மென்பொருளுக்கென அவர்கள் ஒதுக்கிய தொகை 15 கோடியே 50 லட்சம் டாலர். பணியை ஏற்ற ஐ.பி.எம். நிறுவனமோ, 2012இல், 27 கோடியே 40 லட்சம் ஆகும் என்றது. பொறுப்பில் இருந்தோர் என்ன செய்தனர்? ‘பணம் போதாது’ என்று மேலிடத்திற்குச் சொன்னார்களா? இல்லை! பணத்திற்கேற்பப் பணியை வெட்டினர். முன்தேதியிட்டு உயர்த்தப்படும் ஊதியத்தைக் கணக்கிடும் வசதியை நீக்கினர். சோதனைகளைச் சுருக்கினர். ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்க இருந்த வெள்ளோட்டத்தையும் கைவிட்டனர். கடலில் இறக்கும் தோணியைக்கூடக் கரையோரம் மிதக்கவிட்டுப் பார்ப்பவன் மீனவன். ஏறத்தாழ 2,90,000 ஊழியரின் ஊதியத்தை, பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டே தவணைகளில், ஆழ்கடலில் இறக்கினர் அந்த அறிவாளர்!

2017 நடுவில் தணிக்கையாளர் எண்ணிப் பார்த்தார். சிக்கலில் சிக்கித் தவித்தோர் 1,50,000 பேருக்கு மேல். பிழைகளின் மதிப்பு 52 கோடி டாலருக்கு மேல். குறைவாகப் பெற்றவர் கடனாளி ஆனார். கூடுதலாகப் பெற்றவரும் களிக்கவில்லை. ‘திருப்பிக் கொடு’ என்ற கடிதம் அவர் வாசலில் நின்றது. 7 கோடி மிச்சம் தேடிய திட்டம், 2023க்குள் 220 கோடி டாலரை விழுங்கக்கூடும் என்று 2018இல் அந்நாட்டுச் செனட் குழு எச்சரித்தது.

திட்டம் தீட்டியது கன்சர்வேடிவ் ஆட்சி. இயக்கி வைத்தது லிபரல் ஆட்சி. ஒருவரை ஒருவர் சுட்டிக் காட்டினர். சம்பளம் வராத வீட்டில், எந்தக் கொடி பறந்தபோது அடுப்பு அணைந்தது என்பதா கேள்வி?

அன்றைய தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் பெர்குசன், 2018இல், புரிந்துகொள்ளவே இயலாத தோல்வி இது என்றார். இயந்திரத்தை மட்டுமா குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்? இல்லை. கீழ்ப்படிவதையே பெருமையாகக் கருதி, கெட்ட செய்தியை மேலே சொல்ல அஞ்சும் அரசு அலுவலகப் பண்பாட்டையே ஏற்றினார். ஆயத்தமாக இல்லை என்று துறைகள் பல முறையிட்டும், ‘எல்லாம் நலம்’ என்ற ஓசையே உச்சிவரை எட்டியது.

தோழர்களே! இதுதான் நாம் பெறும் பாடம். பழைய மென்பொருளை மாற்றுவது பொறியை மாற்றும் வேலை அன்று. மனிதர் பழகிய வழக்கத்தை, மேலோர் கீழோர் உறவை, உண்மை பேசும் உரிமையை மாற்றும் வேலை. பொறி புதிதாகி, அச்சம் பழையதாகவே இருந்தால், பழைய தவறு புதிய வேகத்தில் நடக்கும்.

நாளை உங்கள் அலுவலகத்திற்கும் ஆலைக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் புதிய கணிப்பொறி முறை வரும். வரட்டும்! அதன் முன் மறியல் செய்யாதீர்கள், மாலையும் சூட்டாதீர்கள். கேள்வி கேளுங்கள். நாள்தோறும் இந்த வேலையைச் செய்பவரைக் கேட்டீர்களா? புதியது நிலைபெறும்வரை பழையதும் பழகியவரும் உடனிருப்பார்களா? ‘இன்னும் ஆயத்தமில்லை’ என்று சொல்லும் கடைநிலை எழுத்தருக்குப் பாதுகாப்பு உண்டா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் கைகொடுங்கள். கிடைக்காவிட்டால், தொழிற்சங்கத்தின் குரலாய் எழுந்து நில்லுங்கள்.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். கிளையில் குறை இருக்க, மேலே ‘எல்லாம் நலம்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இல்லையா? கசக்கும் உண்மையைச் சொல்லும் தோழனை முகம் சுளிக்காமல் கேட்கும் இயக்கமே பிறருக்கு அறிவுரை சொல்லத் தகுதி பெறும்.

சாம்பலிலிருந்து பறவை எழும் என்பது கற்பனை. உண்மை பேசும் மனிதன் இருந்தால் வீடே எரியாது என்பது பட்டறிவு!